கிரகமும் நெபுலாவும் ஒரே படத்துல: மலைல இருந்து எடுக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பளிச்சுனு ஒரு கிரகம், பக்கத்துல மங்கலா ஒரு நெபுலா (விண்வெளில இருக்குற வாயு, தூசி மேகம்), இப்படி ஒரு படம் வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சா போதும், மறுநாள்ல இருந்து எனக்கு மெசேஜ் வரும், ஆளுங்க வேற வேற, கேள்வி மட்டும் அதே. சரி மொத்தமா எழுதிப் போட்டுடலாம்னுதான் இது. நான் பழனி மலைப் பக்கம் இருந்து எடுக்குறவன், அதனால உதாரணமெல்லாம் கொடைக்கானலச் சுத்தியே வரும், நீலகிரிக்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்க பக்கமும் கொஞ்சம் எழுதியிருக்கேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே வச்சிருக்கேன்.

அண்ணா, கிரகம் நிஜமாவே அந்த நெபுலாக்குள்ள போகுதா?

இல்லப்பா. இங்க இருந்து பாக்குறப்போ ரெண்டும் ஒரே திசைல தெரியுது, அவ்வளவுதான். 2020 ஏப்ரல்ல வெள்ளி கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி தெரிஞ்சுதே, அன்னிக்கு வெள்ளியோட வெளிச்சம் நம்மகிட்ட வர அஞ்சு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு, கார்த்திகையோட வெளிச்சம் வர சுமார் 440 வருஷம் ஆகுது. தனுசுல இருக்குற லகூன் நெபுலா அதவிட ரொம்ப தூரம், 4000 ஒளியாண்டுக்கு மேல.

அப்போ எந்த நெபுலா பக்கத்துல எந்த கிரகம் வேணா வருமா? ஓரியன் நெபுலா பக்கத்துல வியாழன் இருக்குற படம் ஒண்ணு வந்துச்சே?

அது ஒட்டுன படம். கிரகமெல்லாம் சூரியன் போற பாதையை ஒட்டித்தான் போகும், அதாவது நம்ம பன்னெண்டு ராசி வழியா. ஓரியன் நெபுலா அந்தப் பாதைல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கு, அங்க எந்தக் கிரகமும் எட்டிப் பாக்காது. பாதையை ஒட்டி இருக்குற நல்ல சரக்குன்னா ரிஷபத்துல கார்த்திகைக் கூட்டமும் (அதச் சுத்தி நீலமா ஒரு மேகம் இருக்கு) நண்டு நெபுலாவும், மிதுனத்துல ஜெல்லிமீன் நெபுலா, தனுசுல லகூனும் ட்ரிஃபிடும், அதாவது எம் 8, எம் 20.

நடந்தத சொல்லணும்னா 2018 மார்ச்ல செவ்வாய் எம் 8க்கும் எம் 20க்கும் நடுவுல புகுந்து போச்சு, 2023 ஏப்ரல் தொடக்கத்துல அதே செவ்வாய் ஜெல்லிமீன் பக்கத்துல வந்துச்சு. 2003 ஜனவரில சனி நண்டு நெபுலா பக்கம் போனப்போ அதோட நிலா டைட்டன் நெபுலாவுக்கு நேர் முன்னாடியே கடந்துச்சு, சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கில டைட்டனோட நிழலப் புடிச்சு அதோட காத்து மண்டலம் எவ்வளவு உயரம்னு கணக்குப் போட்டாங்க. நமக்கு அடுத்து பெரிய விருந்து 2028 ஏப்ரல் தொடக்கம், வெள்ளி திரும்பவும் கார்த்திகைக்கு வருது. பூமி 8 சுத்து சுத்துற நேரத்துல வெள்ளி 13 சுத்து முடிச்சுடும், அதனாலதான் 2012, 2020, 2028னு எட்டு வருஷத்துக்கு ஒருதரம் அதே தேதியை ஒட்டி வருது.

வெறுங் கண்ணுக்கு நெபுலா தெரியுமா?

கிரகம் தெரியும், கார்த்திகை நட்சத்திரங்க தெரியும், நல்ல இருட்டுல எம் 8 ஒரு பஞ்சு மாதிரி தெரியும், பைனாகுலர் இருந்தா இன்னும் நல்லா. மத்ததெல்லாம் கேமராவுக்குத்தான். சிவப்பும் நீலமுமா கண்ணுல தெரியும்னு நெனச்சுட்டு குடும்பத்தோட மலையேறி வந்துடாதீங்க, கூட வந்தவங்க திட்டுவாங்க.

என்ன கேமரா வேணும் ப்ரோ? போன்ல எடுக்க முடியாதா?

கிரகமும் நட்சத்திரக் கூட்டமும் சேந்து ஒரு அழகான காட்சியா வேணும்னா இப்ப வர்ற போன்ல நைட் மோட், அஸ்ட்ரோ மோட் போட்டு ஒரு ஸ்டாண்டுல வச்சு எடுத்தாலே போதும், கீழ மலையோட கோடு தெரிய எடுங்க, நல்லாருக்கும். நெபுலாவோட மேகம் வேணும்னா போன் பத்தாது.

பழைய டிஎஸ்எல்ஆர், ஒரு 135 எம்எம் லென்ஸ், வானம் நகர்றதுக்கு ஈடா கேமராவ நகத்துற ஒரு ஸ்டார் ட்ராக்கர், இது மூணும் இருந்தா இந்த வேலைக்குப் போதும், இதுக்கு மேல செலவு பண்றதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவ மலைக்கு வந்துட்டுப் போங்க. ட்ராக்கர் இல்லாம 135 எம்எம்ல ரெண்டு மூணு வினாடிக்கு மேல தொறந்து வச்சா நட்சத்திரம் இழுத்துடும். ஒரு விஷயம், சாதா கேமராவுல சென்சார் முன்னாடி இருக்குற ஃபில்டர் ஹைட்ரஜனோட அந்த ஆழ்ந்த சிவப்ப, 656 நானோமீட்டர், பெரும்பாலும் அடைச்சுடும், அதனால எம் 8 கொஞ்சம் வெளிறி வரும், ஜெல்லிமீன் கிட்டத்தட்ட வரவே வராது. கார்த்திகையோட மேகம் நட்சத்திர வெளிச்சத்தப் பிரதிபலிக்கிற நீலம், அதுக்கு சாதா கேமராவே தாராளம். சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் வச்சிருக்கவங்களும் கேக்குறாங்க, எம் 20 மாதிரி சின்னதுக்கு ஓகே, ஆனா அதோட கண்ணு குறுகலானது, கிரகமும் நெபுலாவும் ரெண்டு மூணு டிகிரி தள்ளி நின்னா ஒரே கட்டத்துல அடங்காது.

ஊட்டி பெஸ்டா கொடைக்கானல் பெஸ்டா?

இந்தக் கேள்வியே தப்பு, எந்தத் திசையப் பாக்கப் போறீங்கன்னு சொல்லுங்க, அப்புறம் ஊர சொல்றேன். மலை மேல நின்னாலும் சமவெளி டவுன் வெளிச்சம் அந்தந்தத் திசைல அடிவானத்துல இருந்து கிளம்பி வந்துட்டேதான் இருக்கும். கொடைக்கானல்ல இருந்து வடக்க பழனி, வடகிழக்க ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், கிழக்க வத்தலக்குண்டு, தெற்க பெரியகுளம், தேனி. டவுனுக்குள்ள ஏரிய சுத்தி இருக்குற ஓட்டல் வெளிச்சம் தனி. மேற்கதான் கொஞ்சம் இருட்டு, அதனால சாயங்காலம் மேற்க இறங்குற வெள்ளி–கார்த்திகைக்கு பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு உள்ள போகப் போக நல்லது. அதுவே தனுசு ராசி, எம் 8னா தெற்கப் பாக்கணும், பழனி மலைல இருந்து அது உச்சத்துக்கு வர்றப்போ 55 டிகிரி உயரத்துல இருக்கும், அதனால தேனி வெளிச்சத்துக்கு மேல ஏறித்தான் நிக்கும், கவலை இல்ல. வட இந்தியாக்காரங்களுக்கு இது கிடைக்காது, டெல்லில இருந்து பாத்தா எம் 8 முப்பத்தேழு டிகிரியத் தாண்டாது.

நீலகிரில ஊட்டி, குன்னூர் டவுனே பெரிய வெளிச்சம், கோத்தகிரி பக்கம் போனா மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் ரெண்டும் கீழ இருந்து அடிக்கும். எமரால்டு, மஞ்சூர் பக்கம் மேற்குத் திசைக்குத் தேவலாம். மலைக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, குளிர் மாசத்துல சில ராத்திரி மேகம் கீழ சமவெளிய மூடிட்டு நாம மேல நிப்போம், டவுன் வெளிச்சமெல்லாம் அதுக்கு அடில மாட்டிக்கும், அன்னிக்கு வானம் வேற லெவல்.

காட்டுக்குள்ள ராத்திரி போகவே கூடாது, பேரிஜம் ஏரி பகல்ல மட்டும், அதுவும் வனத்துறை அனுமதியோட. முதுமலை–பந்திப்பூர் ரோடு ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரை மூடிடுவாங்க. ரோட்டோரம் ட்ரைபாட் போட்டா காட்டுமாடு சத்தமே இல்லாம பின்னாடி வந்து நிக்கும், அது கோவக்கார மிருகம். நல்ல வழி என்னன்னா மொட்டை மாடியோ திறந்த வயலோ இருக்குற ஹோம்ஸ்டே புடிச்சு, ராத்திரி சீரியல் செட், எல்இடி, கேம்ப் ஃபயர் எல்லாத்தையும் அணைக்கிறேன்னு ஓனர்கிட்ட முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கிறது. 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானல், ஊட்டி ரெண்டுக்கும் இ-பாஸ் கேக்குறாங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்க கிளம்புறதுக்கு முன்னாடி அதையும் பாத்துக்கோங்க.

எந்த மாசம் வந்தா வானம் கிளியரா இருக்கும்?

ஜனவரில இருந்து மார்ச் நடு வரைக்கும். அதுக்கப்புறம் காட்டுத்தீ புகையும் வெயில் காலத்துப் புழுதியும் சேந்து அடிவானம் பால் மாதிரி ஆயிடும், ஏப்ரல் மே சாயங்காலம் இடி மழை. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் காத்து, மேகம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. ஆனா கிரகம் நம்ம வசதிக்கு வராது, அது வர்ற தேதில நாமதான் மேகத்துக்கு இடைல நுழையணும்.

கொடைக்கானல் அப்சர்வேட்டரில நம்ம கேமராவ வச்சு எடுக்க விடுவாங்களா?

அது சூரியன ஆராயுற இடம், 1899ல ஆரம்பிச்சது, பகல் வேலை. சூரியப் புள்ளில வாயு வெளிப்பக்கமா ஓடுறத எவர்ஷெட் 1909ல கண்டுபுடிச்சது அங்கதான். நம்ம ராத்திரி வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா பகல்ல மேகம் எப்படி வருதுன்னு பாக்க அந்த ரோடு நல்ல இடம்.

ட்ராக்கர் செட் பண்ண துருவ நட்சத்திரம் வேணுமாமே, எவ்வளவு தேடியும் கிடைக்கல சார்

வேணும்தான், ட்ராக்கரோட அச்ச அந்தத் திசைக்கு நேரா திருப்பணும். ஆனா கிடைக்காது, ஏன்னா நீங்க ரொம்ப மேல தேடுறீங்க. துருவ நட்சத்திரம் எந்த ஊர்ல நிக்கிறீங்களோ அந்த ஊரோட அட்சரேகை அளவு உயரத்துலதான் தெரியும். கொடைக்கானல்னா வெறும் 10 டிகிரி, ஊட்டின்னா பதினொண்ணரை. கைய நீட்டி முஷ்டி மடக்கி அடிவானத்து மேல வச்சா அதோட மேல் விளிம்புதான் 10 டிகிரி. அந்த உயரத்துல ஒரு யூகலிப்டஸ் மரம், எதிர் மலை, பழனிப் பக்கத்து மூடுபனி, ஏதாவது ஒண்ணு மறைச்சுட்டு நிக்கும். அதனால நான் இடம் தேடுறப்போ கிரகம் இருக்குற திசையோட சேத்து வடக்கயும் திறந்திருக்கான்னு பகல்லயே பாத்துடுவேன்.

வடக்கு அடைச்சிருந்தா ரெண்டு வழி. லேப்டாப் இருக்கவங்க நினா சாஃப்ட்வேர்ல த்ரீ பாயிண்ட் போலார் அலைன்மென்ட் ஓட்டலாம், வானத்துல எந்தப் பக்கம் தெரிஞ்சாலும் அது வேலை செய்யும். லேப்டாப் இல்லாதவங்க போன் காம்பஸ்ல வடக்கப் புடிச்சு, சாய்வு 10 டிகிரி வச்சு, ஒவ்வொரு படத்தையும் 15 வினாடியோட நிறுத்திக்கோங்க, படத்தோட எண்ணிக்கைய கூட்டிக்கலாம். நம்ம பக்கம் காம்பஸ் வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் ரெண்டு டிகிரிக்குள்ளதான் வித்தியாசம், ஆனா கார் பானட் மேல வச்சு காம்பஸ் பாக்காதீங்க. இன்னொண்ணு, இவ்வளவு தாழ்வா சாய்க்கிறப்போ ட்ராக்கர்ல எதிர் எடை மாட்டுற கம்பி ட்ரைபாட் கால்ல இடிக்கும், இடிக்காத மாதிரி கால திருப்பி வச்சா கொஞ்சம் தப்பிக்கலாம்.

லென்ஸ்ல பனி இறங்கி எல்லாம் புகையா போச்சு, என்ன பண்றது?

லென்ஸ் ஹுட் கட்டாயம், அதுக்கு மேல பனி இறங்காம லென்ஸ சூடா வைக்கிற யுஎஸ்பி ட்யூ ஹீட்டர் பட்டி ஒண்ணு லென்ஸ் கழுத்துல சுத்தி பவர்பேங்க்ல மாட்டிடுங்க, பனி புடிச்சதுக்கு அப்புறம் இல்ல, ஆரம்பத்துலயே. துணியால தொடைக்காதீங்க, தொடைச்ச மறு நிமிஷம் திரும்பப் புடிக்கும், கோடும் விழும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் உக்காந்துடும், மாத்து பேட்டரிய ஜெர்கின் உள் பாக்கெட்டுல வைங்க. முடிச்சுட்டு ரூமுக்குள்ள போறப்போ கேமராவ ஜிப் கவர்ல போட்டு மூடிட்டு எடுத்துட்டுப் போய் காலைல தொறங்க.

நெபுலா வர்ற அளவு எக்ஸ்போஸ் பண்ணா கிரகம் வெள்ளை உருண்டையா ஊதிப் போகுது, கிரகத்துக்கு வச்சா நெபுலா கருப்பு. எது கரெக்ட்?

ரெண்டும் கரெக்ட், ரெண்டையும் தனித்தனியா எடுக்கணும். எந்த கேமராவாலயும் இந்த வித்தியாசத்த ஒரே க்ளிக்ல புடிக்க முடியாது. எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600ல 30 இல்ல 60 வினாடியா நெபுலாவுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு, மொத்தம் ஒரு மணி நேரமாச்சும் சேரணும். கிரகத்துக்கு ஐஎஸ்ஓ 100, வெள்ளின்னா 1/1000 பக்கம் ஆரம்பிங்க, வியாழன்னா 1/100, அங்க இருந்து மேலயும் கீழயும் நாலஞ்சு. வியாழனோட நிலாக்கள் வேணும்னா ஒரு வினாடி பக்கம் ஒரு செட்.

நெறைய பேரு விடுறது நடுவுல உள்ளதத்தான். 1/10, 1 வினாடி, 5 வினாடின்னு இடைப்பட்ட செட்டும் எடுங்க. அது இல்லாம நீளமான படத்து மேல குட்டிக் கிரகத்த வச்சா ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்கும், சுத்தி இருக்குற ஒளி படிப்படியா குறையாது. எல்லாத்தையும் ரா (RAW) ஃபார்மட்ல எடுங்க, ஃபோகஸ நடுவுல தொடாதீங்க.

கிரகத்தச் சுத்தி வளையம் வளையமா, கோடு கோடா வருதே, லென்ஸ் கெட்டுப் போச்சா?

கெடல. முதல்ல லென்ஸ் முன்னாடி பாதுகாப்புக்குன்னு மாட்டி வச்சிருக்குற யூவி ஃபில்டரக் கழட்டுங்க, பாதிப் பிரச்சனை அதுதான், கிரக வெளிச்சம் அந்தத் தட்டைக் கண்ணாடில பட்டு முன்னும் பின்னும் போய் வருது. கோடு வர்றது லென்ஸோட இதழ்களால, அப்பர்ச்சர் சிறுசாக்கினா கூடும். நியூட்டோனியன் டெலஸ்கோப்னா உள்ள கண்ணாடியத் தாங்குற நாலு கம்பியால நாலு கோடு வரும், அது சிலருக்குப் புடிக்கும், எனக்கும் வெள்ளிக்குப் புடிக்கும்.

படத்துல எங்கயோ ஒரு பச்சைப் பூச்சி மாதிரி பொட்டு வந்தா அது கிரகத்தோட பேய், நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் சரியா எதிர்ல விழும். அதனால கிரகத்த எந்த மூலைல வச்சா அதோட எதிர் மூலைல நெபுலா இல்லாம இருக்குமோ அங்க வைங்க. கிரகத்த கட்டத்துக்குக் கொஞ்சம் வெளில தள்ளிட்டா தொல்லை விட்டுச்சுன்னு நெனைக்காதீங்க, அப்பத்தான் ஓரத்துல இருந்து பட்டையா வெளிச்சம் உள்ள பாயும்.

சனியோட வளையமும் நெபுலாவும் ஒரே படத்துல தெரியணும், முடியுமா?

135 எம்எம்ல முடியாது. 4.3 மைக்ரான் பிக்சல் இருக்குற கேமரான்னா ஒரு பிக்சலுக்கு ஆறரை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்), சனியோட வளையம் கடைக்கோடில இருந்து கடைக்கோடி 40 சொச்சம்தான், ஆறேழு பிக்சல், ஒரு நீள்வட்டப் பொட்டு. 1000 எம்எம் டெலஸ்கோப்ல 45 பிக்சல் பக்கம் வரும், அந்தக் கட்டம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல, எம் 20 அரை டிகிரிதான், ஆக சனி அதுக்கு ஒட்டிப் போற நாள்ல நடக்கும். சனி ஒரு சுத்து சுத்த 29 வருஷம் ஆகும்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. பெருசா அழகா வளையம் தெரிய, பின்னாடி அகலமா பால்வீதி விரிஞ்சிருக்கிற படம் பாத்தா அது ரெண்டு வேற வேற லென்ஸ்ல எடுத்து பெருசு பண்ணி வச்சது.

நெபுலாவுக்குன்னு ட்யூயல் பேண்ட் ஃபில்டர் வாங்கினேன், போட்டா நல்லாருக்குமா?

அது ரெண்டு குறுகலான நிறப் பட்டைய மட்டும் உள்ள விடுற ஃபில்டர், எம் 8க்கும் ஜெல்லிமீனுக்கும் நல்லாருக்கும், கார்த்திகைக்கு வேஸ்ட், ஏன்னா மேல சொன்ன மாதிரி அது பிரதிபலிப்பு, அந்த நீலம் எல்லா நிறத்துலயும் பரவிக் கெடக்கு, ஃபில்டர் அதையும் சேத்து வெட்டிடும். கிரகத்த ஃபில்டரோட எடுத்தா நிறம் கெட்டு, சுத்தி ஒரு தடிச்ச வளையமும் வரும். ஃபில்டரோட நெபுலா, ஃபில்டர் இல்லாம கிரகமும் நட்சத்திரமும், அப்படி எடுங்க.

ஸ்டாக் பண்ணா நட்சத்திரமெல்லாம் சூப்பர், கிரகம் மட்டும் புழு மாதிரி இழுத்திருக்கு. இன்னொரு தடவ கிரகமே காணோம்!

ஸ்டாக்னா பல படத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரே படமாக்குறது. ரெண்டும் ஒரே காரணம். கிரகம் நட்சத்திரத்துக்கு நடுவுல நகந்துட்டே இருக்கு. 2020 ஏப்ரல் மாதிரி நேரத்துல வெள்ளி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி போகும், ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட்னா 60 ஆர்க்செகண்ட்), போன கேள்விக்கு முந்துன கேள்வில சொன்ன பிக்சல் கணக்குல 23 பிக்சல். சாஃப்ட்வேர் நட்சத்திரத்த வச்சு அடுக்குறப்போ கிரகம் இழுத்துடும். சிக்மா க்ளிப்பிங், அதாவது மத்த படத்தோட ஒத்துப் போகாத பிக்சல தூக்கி எறியுற வசதி, போட்டிருந்தா, ஒவ்வொரு படத்துலயும் வேற இடத்துல நிக்கிற இந்த ஆள சாட்டிலைட்டுனு நெனச்சுத் தூக்கிப் போட்டுடும், நடுப்பகுதி தப்பினாலும் ஓரம் கந்தலாயிடும்.

சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர்னு எந்த ஸ்டாக்கிங் சாஃப்ட்வேர்னாலும் நெபுலா செட்ட நட்சத்திரத்த வச்சு அடுக்குங்க, கிரகம் பாழானாலும் விட்டுடுங்க. கிரகத்தோட குட்டி செட்ட தனியா அடுக்குங்க, அது ஒரு நிமிஷத்துல எடுத்து முடிக்கிற வேலை, நகராது. அந்த செட்ட நெபுலா எடுக்குற நேரத்துக்கு நட்ட நடுவுல எடுத்தீங்கன்னா இழுத்த கோட்டுக்கு மத்தில கிரகம் கச்சிதமா உக்காரும், மறைக்கிறது சுலபம். வியாழன் சோம்பேறி, மணிக்கு அஞ்சு பிக்சல்தான் போகும், அதுல இந்தத் தலைவலி பாதி இல்ல.

இப்படி ரெண்டா எடுத்து ஒண்ணா சேக்குறது ஏமாத்து இல்லையா?

அதே ராத்திரி, அதே லென்ஸ், அதே இடத்துல இருந்த கிரகத்த அதே இடத்துல வச்சா ஏமாத்து இல்ல, கேமராவோட குறைய ஈடுகட்டுறோம். கிரகத்த நகத்தி வச்சா, பெருசாக்கினா ஏமாத்து, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

நடுவுல ஒரு சங்கடம் இருக்கு. நெபுலாவ ஜனவரில நல்ல இருட்டுல நாலு மணி நேரம் எடுத்து வச்சுட்டு, ஏப்ரல்ல கிரகம் வர்ற அன்னிக்கு கிரகத்த மட்டும் எடுத்து அதே இடத்துல வச்சா? நெபுலா மாறப்போறதில்ல, நட்சத்திரத்த வச்சு இடத்தையும் துல்லியமா பொருத்திடலாம். என்னைக் கேட்டா பண்ணலாம், ஆனா படத்துக்குக் கீழ ரெண்டு தேதியையும் எழுதணும். எழுதாதவங்கள நான் கேள்வி கேப்பேன், கேட்டு சண்டையும் வந்திருக்கு.

2028 ஏப்ரல்ல வெள்ளி–கார்த்திகை எடுக்கணும்னா இப்பவே என்ன பாத்து வைக்கணும்?

நேரம்தான் முதல் சிக்கல். ஏப்ரல் தொடக்கத்துல இங்க சூரியன் ஆறரைக்கு மறையும், முழு இருட்டு ஆக ஏழே முக்கால் ஆயிடும், அப்போ கார்த்திகை மேற்க 25 டிகிரி உயரத்துலதான் நிக்கும், எட்டே முக்காலுக்கு 10 டிகிரிக்கு இறங்கிடும். உங்களுக்கு இருக்குறது ஒரு மணி நேரம், அதுவும் மேற்குப் பக்கம் மலையோ மரமோ இல்லாத இடத்துல.

ரெண்டாவது, நிலா. 2028 ஜனவரி 26ல சூரிய கிரகணம், அன்னிக்கு அமாவாசை, அங்க இருந்து எண்ணினா மார்ச் 26 பக்கம் இன்னொரு அமாவாசை, ஏப்ரல் 3 சாயங்காலம் பாதியத் தாண்டின நிலா தலைக்கு மேல நிக்கும். 2020லயும் இதே கதைதான், ஏப்ரல் 8 பௌர்ணமி, வெள்ளி உள்ள போனது 3, 4 தேதில, ஊரடங்குல புகையில்லாத வானம் கிடைச்சும் நிலா விடல. 5ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு நாடே 9 நிமிஷம் விளக்க அணைச்சுது, அந்த நேரம் பாத்து கார்த்திகை அடிவானத்துல விழப் போயிருந்துச்சு.

அதனால என் கணக்கு இது: நீல மேகத்த 2028 ஜனவரி, பிப்ரவரி அமாவாசைய ஒட்டி, கார்த்திகை சாயங்காலமே உச்சில நிக்கிறப்போ எடுத்து வச்சுக்கிறது, அதே லென்ஸ், அதே கேமரா, அதே கோணம். மார்ச் கடைசி வாரம் வெள்ளி நாளுக்கு ஒரு டிகிரியா நெருங்கி வர்றத அகலமான லென்ஸ்ல தினம் ஒண்ணு. ஏப்ரல் 2ல இருந்து 4 வரை மேகம் விட்ட நேரத்துல கிரக செட்டும், நடு செட்டும். மேற்க திறந்த மொட்டை மாடியா பாத்து இப்பவே சொல்லி வைங்க, ஏப்ரல் சீசன்ல கடைசி நேரத்துல ரூம் கேட்டா என்ன ரேட் சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்.